வயலில் கட்டும் முன் அந்தச் சிடியை ஒரு தடவை ஒழுங்காக ரிப் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பாக் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மயிலையும் குருவியையும் விரட்ட, வரப்போரம் குச்சி நட்டுப் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிடலாம் என்று உங்கள் வேளாண் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். யோசனையில் குற்றம் இல்லை. நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரை நெடுக இதைப் பார்க்கலாம். இரண்டு நாள் பயந்த மயில் மூன்றாம் நாள் அதன் கீழேயே மேய்வது வேறு கதை.

கட்டுவதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராவது பார்க்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. பார்த்து, உள்ளே இருக்கும் பாட்டைக் குறையாமல் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, அதாவது ரிப் செய்துவிட்டு, அப்புறம் கட்டுங்கள் என்கிறேன். எங்கள் ஊர் வயல் ஒன்றில் தொங்கியவற்றை எட்டிப் படித்தேன். சினிமாப் பாட்டு சிடி, போகட்டும், அது எங்கேயும் கிடைக்கும். அதற்கு அடுத்ததில் மார்க்கரால் 'சாமி புறப்பாடு, மல்லாரி' என்று எழுதி ஒரு கோயில் பெயர் இருந்தது, வருஷம் அழிந்துவிட்டது. மல்லாரி என்பது சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பது. அதை வாசித்தது யார், தவில் யார் என்று இனி யாரும் சொல்ல முடியாது. கம்பெனி அச்சடிக்கும் சிடி போல இல்லை இது, வீட்டிலும் கடையிலும் எழுதிய சிடியில் பாட்டு நிற்பது ஒரு சாயப் பூச்சில், அது சில வாரம் நேர் வெயிலில் கிடந்தால் எந்த பிளேயரும் படிக்காது.

நான் பல வருஷமாக மைக்செட் தொழில் செய்கிறவன். கேசட் காலம், சிடி காலம், பென் டிரைவ் காலம் மூன்றையும் பார்த்தாயிற்று. டெல்டாவில் ஒலிப்பதிவு என்றால் பெரிய கம்பெனிகள் வெளியிட்டது மட்டும் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எங்கள் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலைப் பற்றிப் பேச இன்றும் ஆள் இருக்கிறது. ஆனால் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் சின்னக் கம்பெனிகள் கொஞ்சமாக அடித்து விற்ற நாதஸ்வரக் கச்சேரி, கோயில் வாசல் கடையில் மட்டும் கிடைத்த ஓதுவார் தேவாரம், நாகூர் கந்தூரி சமயத்தில் விற்ற பாட்டு, ஒரு கல்யாணத்தில் தனியாக அழைத்த ஸ்பெஷல் தவில் வைத்து விடிய விடிய நடந்ததைக் கல்யாண வீட்டுக்காரர் பதிந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த சிடி, இதெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லை. அலமாரியில் இருக்கிற அந்த ஒரு பிரதிதான் எல்லாம்.

'யூடியூப்பில் இருக்குமே' என்பார்கள். சில இருக்கும். யாரோ ஏற்றியது, என்றைக்கு எடுப்பார்கள் என்று தெரியாது, அங்கே இருப்பதும் சுருக்கிய ஒலிதான். கேட்க அது போதும், பாதுகாக்கப் போதாது.

அப்புறம் அடுத்த கூட்டம், 'நாங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டோம், ஒரே பென் டிரைவில் ஆயிரம் பாட்டு' என்று பெருமையாகச் சொல்பவர்கள். இவர்களுக்காகத்தான் இந்தக் கடிதமே. சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 தடவை, இடம் வலம் இரண்டு பக்கத்துக்கும், 16 பிட்டில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 1,411 கிலோபிட். கடைக்காரர் ஏற்றித் தரும் எம்பி3 பெரும்பாலும் 128 கிலோபிட், அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கு எங்கே போனது? மனிதக் காது கவனிக்காது என்று ஒரு கணக்கு வைத்துத் தூக்கிப் போட்டது. தூக்கிப் போட்டது திரும்ப வராது. அதையே நாளைக்கு இதுபோல் சுருக்கும் வேறு வடிவத்துக்கு மாற்றினால் இருப்பதிலிருந்தும் கொஞ்சம் போகும், அதற்கடுத்த மாற்றத்தில் இன்னும் கொஞ்சம்.

உள்ளதைச் சொன்னால், 320 கிலோபிட்டில் நன்றாக எடுத்த எம்பி3-யையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலானவர்களால் கண்டுபிடிக்க முடியாது, என் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் கடவுளுக்கே தெரியாது. 128-இல் தெரியும், அதுவும் தவிலில் தெரியும். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித்தான் சுருக்குகிறது. தவிலின் வலது பக்கமான வலந்தலையில், உறை மாதிரிக் கூடு மாட்டிய விரல் பட்டென்று விழும்போது அந்தத் துண்டு முழுக்க இரைச்சல் பரவி, அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பே மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம் கசியும். கைத்தாளச் சத்தத்தின் மேல் பகுதியும் 16,000 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டுப்பட்டு மங்கிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. ராகம் ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று பிரித்திருப்பார்கள், சிடியில் இடைவெளி இல்லாமல் போகும், எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு டிராக்கின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொண்டு பல பிளேயர்களில் ஒரு கணம் நின்று போகும். கம்பீர நாட்டையில் மல்லாரி போய்க்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் எனக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி எறியத் தோன்றும்.

ஆனாலும் காதுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. எம்பி3 புழுங்கல் நெல் மாதிரி, சாப்பிடலாம், விதைக்க முடியாது. இழப்பில்லாமல் எடுத்தது ஒன்று கையில் இருந்தால் காருக்கு எம்பி3, போனுக்கு வேறு ஒன்று, இருபது வருஷம் கழித்து வரப்போகிற ஏதோ ஒன்று, எதை வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சிடி அதற்குள் கெட்டுப் போனாலும் கவலை இல்லை.

அந்த இழப்பில்லாத வடிவத்துக்கு ஃபிளாக் என்று பெயர். 2001-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது, யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், 2024-இல் இணையத் தரநிலையாகவே அறிவித்துவிட்டார்கள், ஆகவே நாளைக்கு ஒரு கம்பெனி மூடிவிட்டால் திறக்க வழி இல்லாமல் போகும் என்ற பயம் கிடையாது. ஒரு மணி நேரச் சிடி அப்படியே எடுத்தால் 635 எம்பி வரும், ஃபிளாக்கில் பாட்டைப் பொறுத்து அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வரும், திறந்தால் ஒரு பிட்கூடக் குறையாமல் பழையபடி கிடைக்கும். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் இரண்டாயிரம் சிடிக்கு மேல் கொள்ளும் என்றால் நம் ஊரில் எந்த வீட்டுக்கு அது போதாது? அதில் சுருக்கும் அளவு என்று 0 முதல் 8 வரை ஒரு தேர்வு இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம், எதை வைத்தாலும் ஒலி ஒன்றுதான், இடமும் நேரமும்தான் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். ஆப்பிள் சாமான்தான் வீடு முழுக்க என்றால் அவர்களுடைய ஏஎல்ஏசி இருக்கிறது, அதுவும் இழப்பில்லாததுதான்.

இங்கே இரண்டு ஏமாற்று நடக்கிறது. எம்பி3-யையே ஃபிளாக்காக மாற்றிக் கொடுக்கிறார்கள், ஃபைல் பெரிதாகும், போனது வராது. இன்னொன்று, சிடியை '24 பிட் 192' என்று ஏற்றித் தருகிறோம் என்பது. சிடியில் இருப்பதே 16 பிட்தான், இல்லாததை எங்கிருந்து கொண்டு வருவார்கள்? 'இரைச்சலைச் சுத்தம் செய்து தருகிறோம்' என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கச்சேரி முழுக்க ஒரே மாதிரி ஓடும் ஒத்து என்ற சுருதிக் குழலையும் சுருதிப் பெட்டியையும் இரைச்சல் என்று நினைத்து அந்த மென்பொருள் வழித்தெடுத்துவிட்டால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். முதலில் உள்ளது உள்ளபடி எடுத்து வையுங்கள், சுத்தம் செய்வதை அதன் நகலில் செய்துகொள்ளலாம்.

எடுப்பது எப்படி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விண்டோஸில் ஆடியோ சிடியைப் போட்டுத் திறந்தால் டிராக்01, டிராக்02 என்று வரிசையாக சிடிஏ ஃபைல்கள் தெரியும். அதை அப்படியே காப்பி பண்ணி ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டு, முடிந்தது என்று சிடிகளை மூட்டை கட்டி எடைக்குப் போட்டவரை எனக்குத் தெரியும். அந்த ஃபைலில் பாட்டே கிடையாது, ஒவ்வொன்றும் வெறும் 44 பைட், டிராக் எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற குறிப்பு மட்டும். சிடி இருந்தால்தான் பாடும். ஆடியோ சிடியை காப்பி பண்ண முடியாது, அதற்கென்று உள்ள மென்பொருள் வைத்துப் படித்து எடுக்க வேண்டும், அதைத்தான் ரிப் என்கிறார்கள்.

படிப்பதிலும் ஒரு சூட்சுமம். சிடியில் ஒரு விநாடி 75 துண்டாக இருக்கிறது, ஒவ்வொரு துண்டும் 2,352 பைட். கம்ப்யூட்டர் டேட்டா சிடியில் இதில் 2,048 பைட்டைத்தான் டேட்டாவுக்குக் கொடுத்து, மீதியில் பெரும்பகுதியைப் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கியிருப்பார்கள். ஆடியோவில் முழுதும் ஒலிக்கே. அடிப்படைப் பிழை திருத்தம் ஆடியோவுக்கும் உண்டுதான், ஆனால் கீறல் அதையும் மீறினால் டிரைவ் சும்மா நிற்காது, முன்னே பின்னே உள்ளதைப் பார்த்து ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கேட்கும்போது அது நல்லது. நகல் எடுக்கும்போது அந்த ஊகமே நிரந்தரமாகிவிடும், நமக்குச் சொல்லவும் சொல்லாது.

விண்டோஸோடு வரும் பிளேயரும் ஃபிளாக்காக எடுத்துத் தரும், ஆனால் சரியாக எடுத்தேனா என்று அதனிடம் கேட்க முடியாது. அதனால் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் விப்பர், மேக்கில் எக்ஸ்எல்டி, இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மூன்றும் இலவசம். இவை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், முடித்ததும் அக்யூரேட் ரிப் என்ற பொதுப் பட்டியலில், இதே சிடியை உலகில் வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்களுடைய கூட்டெண்ணும் (எடுத்த ஒலியைக் கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எண்) நம்முடையதும் ஒன்றா என்று ஒப்பிடும். முகம் தெரியாதவர் எங்கோ எடுத்ததும் கொரடாச்சேரியில் நான் எடுத்ததும் ஒத்துப் போனால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நம் ஊர் சிடிகளுக்கு அந்தச் சாட்சி இருக்காது. கும்பகோணத்துச் சின்னக் கம்பெனி சிடியைப் போட்டால் 'பட்டியலில் இல்லை' என்றுதான் வரும், பயப்பட வேண்டாம், உங்களுக்கு முன் யாரும் எடுத்து அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று அர்த்தம். அப்போது டெஸ்ட் அண்ட் காப்பி என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு தடவை படித்து இரண்டின் கூட்டெண்ணையும் காட்டும். முடிந்தால் இரண்டாவது தடவை வேறு டிரைவில் எடுங்கள், ஒரே டிரைவ் ஒரே தப்பை இரண்டு தடவையும் செய்யலாம். அதில் ஒரு சின்னச் சிக்கல் வரும்: ஒவ்வொரு டிரைவும் தொடக்கத்தைச் சில நூறு சாம்பிள் (விநாடிக்கு 44,100 என்று சொன்ன அந்த அளவுகள்) முன்னே பின்னே தள்ளிப் படிக்கும், காதுக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் கூட்டெண் பொருந்தாது. ஆஃப்செட் என்று ஒரு அமைப்பு இருக்கும். நிறையப் பேர் வைத்திருக்கிற சினிமா சிடி இரண்டு மூன்றை முதலில் போட்டால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அந்த டிரைவின் கணக்கைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இதற்காவது அந்தச் சினிமா சிடிகள் பயன்படட்டும்.

புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை என்பார்கள். வெளியில் மாட்டும் டிவிடி டிரைவ் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

போடும் முன் துடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர் கோட்டில், பழைய பருத்தி வேட்டித் துணியால், வேண்டுமானால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்து. வட்டக் கீறல் பாட்டின் போக்கிலேயே நீளமாகப் போகும், குறுக்குக் கீறலைப் பிழை திருத்தம் சமாளித்துவிடும். எல்லாரும் மினுமினுக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள், உண்மையில் ஆபத்து படம் அச்சடித்த பக்கத்தில். கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது, மேலே அலுமினியத்துக்கும் நம் நகத்துக்கும் நடுவில் மெல்லிய வார்னிஷ் மட்டுந்தான். பால்பாயின்ட் பேனாவால் அதில் எழுதுவதை நிறுத்துங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை மாதிரி தெரிந்தால் அந்த இடம் போயிற்று.

எதை முதலில் எடுப்பது? வீட்டில் எழுதிய சிடிகளை. அச்சடித்தவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், சாயப் பூச்சு தாங்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றும் புழுக்கமும் சேர்ந்து என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஓடு பறந்த வீடுகளில் நனைந்த சிடிகளைப் பார்த்தேன், தகடு கழுவினால் பிழைத்தது, அட்டைதான் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது வார்னிஷையும் கொண்டு வந்தது. அட்டையைத் தனியாக எடுத்துப் போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு வேறு பையில் வையுங்கள்.

அந்த அட்டைதான் பாதிச் சொத்து. மென்பொருள் இணையத்திலிருந்து பெயர்களைத் தானாகக் கொண்டு வரும், நம் சிடிகளுக்கு அது ஒன்றும் தராது, தந்தாலும் தியாகராஜர் பெயரை நாலு விதமாக எழுதியிருக்கும். உட்கார்ந்து தமிழிலேயே அடியுங்கள். ஃபிளாக்கின் குறிப்புகள் முழுக்க யூனிகோட் என்பதால் எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே தெரியும், பாமினி, டாப் என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளில் அடித்து இப்போது கிறுக்கலாகத் தெரியும் பழைய எம்பி3 கதி இதற்கு வராது. பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், வாசித்தவர் எல்லாம் போட்டுவிட்டுத் தவில்காரர் பெயரையும் போடுங்கள். பாடகர் ஒரு கட்டம், ஆல்பம் ஒரு கட்டம் என்று வெளிநாட்டுக்காரன் அமைத்த பெட்டியில் ஸ்பெஷல் தவிலுக்கு இடம் இல்லை, ஆனால் ஃபிளாக்கில் நாமே 'THAVIL' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம், கட்டத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே எழுதுவது தமிழில் இருக்கலாம். உங்கள் செயலி அதைக் காட்டாவிட்டால் குறிப்புரையிலும் ஒரு தடவை எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் கேட்பதற்குப் பெரிய சாமான் வேண்டாம். என் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் மூலையில் ஓடுகிறது, அதில் வீட்டுக்குள்ளேயே போன்களுக்குப் பாட்டை அனுப்பும் நாவிட்ரோம் என்ற மென்பொருள் போட்டிருக்கிறேன், வீடியோவும் வேண்டுமென்பவர்கள் ஜெல்லிஃபின் போடலாம், இரண்டும் இலவசம். வீட்டு வைஃபையில் இருக்கிற எந்தப் போனிலும் கேட்கலாம், இணையம் வேண்டியதில்லை, அம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து திருப்பதிகம் கேட்கிறார்கள், மாதச் சந்தா கிடையாது, நடுவில் சோப்பு விளம்பரம் கிடையாது. கரண்டு போனால் லேப்டாப்பின் பேட்டரி தாங்கும், ஆனால் பழைய பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள்.

ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள், அது சிடியைவிடச் சீக்கிரம் சாகும். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள், முடிந்தால் திருச்சி மாதிரி கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டில். ஃபிளாக் ஒவ்வொன்றின் உள்ளேயும் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் இருக்கிறது, வருஷம் ஒரு தடவை டெஸ்ட் கட்டளை கொடுத்தால் எது பழுதாகியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். எம்பி3-யில் இப்படி ஒரு வசதி கிடையாது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: காசு கொடுத்து வாங்கிய சிடியைச் சொந்த உபயோகத்துக்கு இப்படி வைத்துக்கொள்வதற்கு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்புவதும் பென் டிரைவில் போட்டு விற்பதும் வேறு, அதற்கு நான் துணை இல்லை. ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்கு உட்பட்ட கலைஞர்களும் அவர்கள் குடும்பத்தாரும் இன்னும் இதே ஊர்களில் நம் நடுவில்தான் இருக்கிறார்கள்.

இப்போது நான் கேட்பது இரண்டு. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் பெரிய நூலகங்களிலும் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு டிரைவும் வைத்து, வாரம் ஒரு நாளாவது விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம், சிடி கொண்டு வருபவர் தன் ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு போகட்டும், விரும்பினால் ஒரு நகலை அங்கே விட்டுவிட்டுப் போகட்டும், செலவு ஒரு விழா மேடைப் பந்தலுக்கு ஆவதைவிடக் குறைவு. அடுத்தது உங்களிடம். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் அட்டை இல்லாத, வாசித்தவர் பெயர் தெரியாத பதிவுகளைப் பற்றி, எந்தக் கோயில், எந்த ஊர்க் கல்யாணம், ஏறத்தாழ எந்த வருஷம் என்று வாசகர்கள் எழுதட்டும். அன்றைக்கு அந்த மேளத்தில் இருந்தவர்கள், பக்கத்தில் நின்று தாளம் போட்டவர்கள், எங்களைப் போல மைக் பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவில் யார் என்று அவர்களால் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
மைக்செட் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.